இணையவழித் தொலைபேசியில் யார் முதல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கால் சென்டர்களுக்கும் மருத்துவமனை உதவி எண்களுக்கும் இணையவழித் தொலைபேசி அமைத்துக் கொடுப்பது என் தொழில். டெண்டருக்கு வரும் கம்பெனிகள், கையேட்டின் முதல் பக்கத்திலேயே "இந்த வசதியை முதன்முதலில் கொண்டுவந்தவர்கள் நாங்கள்தான்" என்று அச்சடித்துக்கொண்டு வருகின்றன. ஒரே வசதிக்கு இரண்டு மூன்று பேர் உரிமை கொண்டாடுவதும் உண்டு. வாடிக்கையாளர்களும், இந்தத் துறைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: இணையம் வழியாகப் பேசுவதை முதலில் கண்டுபிடித்தது யார்?

எதில் முதல் என்று கேட்டுக்கொள்ளாமல் இதற்குப் பதில் கிடையாது. குரலைத் துண்டு துண்டாக்கிக் கணினி வலையில் அனுப்பி, மறுமுனையில் உடனுக்குடன் கேட்க வைத்தது 1974-இல் நடந்தது. அதையே வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளும் மென்பொருளாகக் கடைக்குக் கொண்டுவந்தது 1995-இல் இஸ்ரேலின் வோக்கல்டெக். உலகம் முழுக்கப் பரவ வைத்தது 2003-இல் வந்த ஸ்கைப். மூன்றுமே முதல்தான். இவற்றில் ஒன்றைச் செய்தவர் மற்ற இரண்டுக்கும் சேர்த்துப் பெயர் வாங்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

1974-லா? அப்போது நம் ஊரில் சாதாரண போன் கனெக்‌ஷனுக்கே வருஷக்கணக்கில் காத்திருந்தார்களே!

ஆமாம், அந்தக் காலத்தில்தான். அமெரிக்காவில் அர்பாநெட் என்ற ஆய்வு வலை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனி கோஹன், அந்த வலையில் குரலை அனுப்புவதற்கான நெறிமுறை (கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்) ஒன்றை எழுதினார். 1974 ஆகஸ்டில் அந்த நிறுவனத்துக்கும் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே பேச்சு போய் வந்தது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். தொலைபேசித் துறை குரலை எண்களாக மாற்ற விநாடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொண்டது. அர்பாநெட்டின் இணைப்போ விநாடிக்கு 50 கிலோபிட்தான் தாங்கும். ஒரே ஒரு அழைப்புகூட அதில் அடங்காது. குரலைச் சுருக்கியே ஆக வேண்டும். அந்த டிசம்பரில் விநாடிக்கு வெறும் 3.5 கிலோபிட்டில் பேசிக் காட்டினார்கள். அதற்குக் கைகொடுத்த எல்பிசி என்ற சுருக்கும் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் பிஷ்ணு அடல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போனவர். ஜப்பானில் இடாகுரா, சைட்டோ என்ற இருவர் அதே திசையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆக, அங்கேயே பெயருக்குப் பங்குதாரர்கள் பலர்.

இன்னொன்றும் அந்தக் குழுவால் நடந்தது. டிசிபி என்ற நெறிமுறை, வழியில் தொலைந்துபோன துண்டை மறுபடி கேட்டு வாங்கிவிட்டுத்தான் அடுத்ததைக் கொடுக்கும். கோப்பு அனுப்ப அது நல்லது, பேச்சுக்கு ஆகாது. "சாப்டீங்களா" என்பதில் "டீ" தொலைந்துபோனால், ஒரு விநாடி கழித்து அது வந்து சேர்ந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? மீதிப் பேச்சும் அதற்காகக் காத்துக் கிடக்கும். போனது போகட்டும், அடுத்ததைக் கொடு என்று சொல்லும் வழி ஒன்று வேண்டும் என்று கோஹன் உள்ளிட்டோர் வாதாடினார்கள். 1978-இல் டிசிபியிலிருந்து, துண்டுகளை முகவரி பார்த்து அனுப்பும் ஐபி தனியாகப் பிரிக்கப்பட்டதற்கு இது முக்கியக் காரணம். யுடிபி என்று இன்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசும்போது குரல் பெரும்பாலும் அதில்தான் போகிறது.

கோஹன் தன் நெறிமுறையை 1977-இல் ஆர்எஃப்சி என்ற பொது இணைய ஆவண வரிசையில் 741 என்ற எண்ணில் யாரும் படிக்கும்படி வெளியிட்டார். தேதியோடு, பெயரோடு, இலவசமாக. அதனால்தான் அவர் செய்ததை இன்றைக்கும் யாராலும் மறுக்க முடியவில்லை.

அப்படியானால் வோக்கல்டெக் செய்தது என்ன?

1995 பிப்ரவரியில் 'இன்டர்நெட் ஃபோன்' என்ற மென்பொருளை விற்பனைக்கு விட்டார்கள். 486 கணினி, சவுண்ட் கார்டு, மைக், 14.4 மோடம் இருந்தால் போதும். முதலில் வாக்கி டாக்கி மாதிரி ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும். ஆனாலும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில் கொழுத்துக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு அடிவயிறு கலங்கியது. ஆய்வகச் சரக்கைக் கடைச் சரக்காக்கியதும் கண்டுபிடிப்புதான் என்பேன். அந்தப் பெருமையை வோக்கல்டெக்கிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது. 2010-இல் அது மேஜிக்ஜாக்குடன் இணைந்தது.

மரியன் குரோக் என்ற பெண்மணிதான் கண்டுபிடித்தார் என்று ஃபார்வர்டு வருகிறதே?

மரியன் குரோக் பெரிய பொறியாளர். 1982-இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர், 200-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளில் பெயர் உள்ளவர். பழைய தொலைபேசி வலையை விட்டு ஐபி வலைக்கு மாற வேண்டும் என்று அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியான ஏடி அண்ட் டிக்குள் முன்நின்று வாதாடியவர். 2022-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அந்த கௌரவம் இணையவழிக் குரல் தொழில்நுட்பத்தை மேம்படுத்தியதற்குக் கொடுக்கப்பட்டது. ஃபார்வர்டில் அது "தனியாளாகக் கண்டுபிடித்தார்" என்று மாறிவிடுகிறது. அப்படி மாற்றுவது கோஹனுக்கும் நியாயமில்லை, குரோக்குக்கும் நியாயமில்லை. அவர் உண்மையில் செய்ததே தனியாகச் சொல்லத் தகுந்தது.

ஸ்கைப்பில் புதிதாக எதுவும் இல்லை என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நிக்லஸ் சென்ஸ்ட்ரோம், யானுஸ் ஃப்ரீஸ் இருவரும் பணம் போட்டு நடத்தினார்கள். நிரலை எழுதியவர்கள் எஸ்தோனியாக்காரர்கள். பெரிய சர்வர்களுக்குச் செலவு செய்யாமல், பயனர்களின் கணினிகளையே ஒன்றோடொன்று கோத்து, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருப்பவரையும் எட்டிப் பிடித்தது அவர்களுடைய சாமர்த்தியம். அதற்கு முன் இதே வேலைக்குக் கணினி தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செட்டிங் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்கைப் வந்ததும் மாம்பலத்தில் இருக்கும் பாட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் பேரனைத் தானே கூப்பிட்டார்.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. 2005-இல் ஈபே 260 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியது. ஆனால் உள்ளே ஓடிய அந்தக் கோக்கும் தொழில்நுட்பம் நிறுவனர்களின் இன்னொரு கம்பெனியான ஜோல்டிடிடமே இருந்தது. ஈபேக்குக் கிடைத்தது அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டும். 2009-இல் ஈபே ஸ்கைப்பை விற்கப் போனபோது ஜோல்டிட் வழக்குப் போட்டது. கடைசியில் நிறுவனர்களுக்கு 14 சதவீதப் பங்கு கொடுத்துச் சமாதானம் ஆனார்கள். பெயரையும் வாடிக்கையாளர்களையும் வாங்கிவிட்டோம் என்று நினைத்தவர்கள், உள்ளே இருந்த சரக்கு யாருடையது என்று பத்திரத்தைக் கவனமாகப் படித்திருக்க வேண்டும். 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கிய ஸ்கைப், 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

நெட்டூபோன் ஸ்கைப் மேல் வழக்குப் போட்டது எதற்காக?

பழைய டயல்-அப் காலத்தை நினைவில் கொண்டுவாருங்கள். அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல்லின் எண்ணுக்கு மோடம் டயல் செய்து, கீச்சுச் சத்தம் முடிந்து இணைப்புக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் உங்கள் கணினிக்கு வேறொரு ஐபி முகவரி. நேற்று இருந்த முகவரி இன்று இல்லை என்றால், நண்பர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?

இதற்கு நெட்ஸ்பீக் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு வழி சொல்லி, 1995 செப்டம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. நீங்கள் இணைந்தவுடன் உங்கள் மென்பொருள் ஒரு சர்வரிடம் "இன்னார், இப்போது இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று பதிந்துவிடும். கூப்பிடுபவர் அந்த சர்வரிடம் உங்கள் பெயரைக் கொடுத்து முகவரியை வாங்கிக்கொண்டு நேராக உங்களிடம் பேசுவார். 2000-இல் காப்புரிமை கிடைத்தது. நெட்ஸ்பீக்கை இன்னொரு இணையத் தொலைபேசிக் கம்பெனியான நெட்டூபோன் வாங்கியதால் காப்புரிமையும் கைமாறியது. 2006 ஜூனில் அதை வைத்துத்தான் ஸ்கைப் மேல் வழக்கு.

பின்னர் அதே காப்புரிமை ஸ்ட்ரெய்ட் பாத் என்ற கம்பெனிக்குப் போனது. பெயரைக் கொடுத்து முகவரி வாங்கும் ஏற்பாடு மைக்ரோசாஃப்டின் வின்ஸ் போன்றவற்றில் முன்பே இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அமெரிக்கக் காப்புரிமை மேல்முறையீட்டு வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. முன்பு ஒருமுறை பதிந்தவரின் பெயர் பட்டியலில் கிடப்பது வேறு, கூப்பிடும் அந்த நொடியில் அவர் இணைப்பில் இருக்கிறாரா என்று கேட்டறிவது வேறு என்பது நீதிமன்றத்தின் பார்வை. இத்தனை வருடச் சண்டை அந்த ஒரு நுணுக்கத்தில் நின்றது. அதற்குள் காப்புரிமை மூன்றாவது கைக்குப் போயிருந்தது, எழுதியவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

வானேஜ் வழக்கு?

2007 மார்ச்சில், தொலைபேசிக் கம்பெனியான வெரைசனின் மூன்று காப்புரிமைகளை வானேஜ் மீறியதாக ஜூரி தீர்ப்பு. 5.8 கோடி டாலர் நஷ்டஈடு, மேற்கொண்டு 5.5 சதவீத ராயல்டி. ஸ்பிரிண்ட்டும் ஏடி அண்ட் டியும்கூட வழக்குப் போட்டிருந்தன. வெரைசனுக்கு 12 கோடி வரை, ஸ்பிரிண்ட்டுக்கு 8 கோடி, ஏடி அண்ட் டிக்கு 3.9 கோடி டாலர் என்று வானேஜ் சமாதானம் பேசி முடித்தது. மலிவு விலை இணைப்பை அமெரிக்க வீடுகளுக்குப் பழக்கிய கம்பெனி அது. காப்புரிமைப் பத்திரங்கள் பழைய தொலைபேசிக் கம்பெனிகளின் பெட்டியில் இருந்தன.

இணையப் பக்கத்தில் நம்பரைப் போட்டால் இரண்டு போனும் அடிக்கும் வசதி, அது யாருடைய யோசனை?

ஜாஜா அதற்குப் பெயர் வாங்கியது. 2005-இல் ஆஸ்திரியாக்காரர்கள் இருவர் தொடங்கியது. உங்கள் எண்ணையும் கூப்பிட வேண்டிய எண்ணையும் அவர்கள் பக்கத்தில் தட்டினால், ஜாஜாவின் சர்வர் முதலில் உங்கள் போனுக்கு அடிக்கும். நீங்கள் எடுத்ததும் மறுமுனைக்கு அடித்து இரண்டையும் இணைக்கும். நடுவில் உள்ள நீண்ட தூரம் இணையத்தில் போய்விடுவதால் இருபக்கமும் உள்ளூர்ச் செலவுதான். ஹெட்செட் வேண்டாம், மென்பொருள் வேண்டாம்.

அதே சமயத்தில் ஜாக்ஸ்டர், ஜாங்கிள், கிராண்ட்சென்ட்ரல், ரெப்டெல் என்று ஒரு கூட்டமே இருந்தது. ஒருவர் எண்ணை மறைத்துப் பேச வைத்தார், ஒருவர் எல்லாப் போனுக்கும் ஒரே எண் கொடுத்தார். மற்றவர் தன்னைப் பார்த்து எழுதினார் என்று குறை சொல்வது அங்கே சகஜம். ஆனால் திரும்பக் கூப்பிட்டு இணைக்கும் கால்பேக் சேவை 1990-களின் தொடக்கத்திலேயே வெளிநாட்டு அழைப்புகளுக்கு இருந்தது. இவர்கள் அதற்கு இணையப் பக்கம் என்ற முகப்பை வைத்தார்கள். உள்ளே ஓடியது பெரும்பாலும் எஸ்ஐபி என்ற, அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் பொது நெறிமுறை. நெறிமுறைக்கு யாரும் தனிச் சொந்தக்காரர் இல்லாதபோது, முகப்பு யாருடையது என்று அடித்துக்கொள்வது எனக்குச் சின்ன விஷயமாகவே படுகிறது. கிராண்ட்சென்ட்ரலை 2007-இல் கூகுள் வாங்கியது, ஜாக்ஸ்டர் 2009-இல் ஹாட்மெயில் புகழ் சபீர் பாட்டியாவின் கைக்கு வந்தது, ஜாஜாவை அதே வருடக் கடைசியில் டெலிஃபோனிகா வாங்கியது.

இந்த வரிசையில் நம் ஆட்கள் பெயர் ஏன் இல்லை?

திறமை இல்லாமல் இல்லை. சட்டம் கதவை மூடி வைத்திருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்கு வந்தபோது நம் ஊர் இன்னும் மெட்ராஸ். வெளிநாட்டு அழைப்பும் இணையமும் ஒரே விஎஸ்என்எல் கையில் இருந்தன. தன் ஐஎஸ்டி வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ள எந்த நிறுவனம் சம்மதிக்கும்? இணையவழித் தொலைபேசி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது 2002 ஏப்ரல் 1 முதல்தான். அதுவும் கணினியிலிருந்து கணினிக்கு, அல்லது வெளிநாட்டு போனுக்கு. உள்நாட்டு எண்ணுக்குக் கூடாது. வோக்கல்டெக்குக்கும் நமக்கும் நடுவில் ஏழு வருடம் அப்படிப் போனது. அதன் பிறகுதான் தி.நகர், மயிலாப்பூர் பிரவுசிங் சென்டர்களில் மூலைக் கணினிக்கு ஹெட்செட் மாட்டி வைத்து, மணிக்கணக்குப் பார்த்துப் பிள்ளைகளோடு பேசப் பெற்றோர் வந்து உட்கார்ந்தார்கள்.

உள்நாட்டு எண்களுக்கும் இணையம் வழியாகப் பேச முறையான வழி பிறந்தது 2018-இல். பிஎஸ்என்எல்லின் விங்ஸ் என்ற சேவை அப்போது வந்தது.

அதற்காக நம் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, சென்னையின் மைதாஸ் நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸோடும் சேர்ந்து 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கியது. ஒரே இணைப்பில் பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் கிடைத்தன. செப்புக் கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்கு அது போனது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை 3,200 கிலோமீட்டர் கடலடியில் போடப்பட்ட ஐ2ஐ கேபிள் 2002-இல் இயங்கத் தொடங்கியது. இந்த நகரத்தின் கால் சென்டர் தொழில் அப்படிப்பட்ட கேபிள்கள் மேல்தான் நிற்கிறது.

வைஃபை காலிங்கில் ஏர்டெல் முதலா, ஜியோ முதலா?

ஏர்டெல் 2019 டிசம்பரில் டெல்லி வட்டாரத்தில் தொடங்கியது. ஜியோ 2020 ஜனவரியில் நாடு முழுக்கக் கொடுத்தது. தொழில்நுட்பம் இருவருடையதும் இல்லை. அமெரிக்காவில் டி-மொபைல் 2007-லேயே வைஃபையில் பேசும் வசதியைக் கொடுத்தது.

ஜோஹோவின் அரட்டை செயலி, வாட்ஸ்அப்பைப் பார்த்துக் காப்பி அடித்ததுதானே?

அப்படிப் பார்த்தால் வாட்ஸ்அப்பும் தப்பாது. வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது 2015-இல். வைபர் 2010-லேயே கொடுத்துவிட்டது, அதற்கு ஏழு வருடம் முன்பே ஸ்கைப். முன்னால் வந்ததைப் பார்த்துத்தான் எல்லோரும் செய்திருக்கிறார்கள். அரட்டையை அழைப்பின் தரத்தையும் பாதுகாப்பையும் வைத்து எடை போடுங்கள்.

மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது தமிழரான சிவா அய்யாதுரை என்கிறார்களே, அதுவும் இதே மாதிரிச் சண்டையா?

அதே மாதிரிதான். 1970-களின் கடைசியில், பள்ளி வயதில், நியூ ஜெர்சி மருத்துவக் கல்லூரி ஒன்றுக்காக 'ஈமெயில்' என்று பெயரிட்ட நிரலை அவர் எழுதினார். 1982-இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். ஆனால் ரே டாம்லின்சன் 1971-லேயே அர்பாநெட்டில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். பதிப்புரிமை காப்பது எழுதிய நிரலை மட்டும். அந்த யோசனைக்கு முதல் ஆள் யார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. தமிழர் என்பதால் நமக்கு ஆசை இருக்கலாம், தேதி மாறாது.

நாங்கள் சென்னையில் சின்ன கம்பெனி. போட்டிக் கம்பெனி எங்கள் வசதியை எடுத்து "எங்கள் கண்டுபிடிப்பு" என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் வசதி காப்புரிமைக்கு உரியதா என்று பாருங்கள். 1970-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் வியாபார முறைக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. அழைப்பின் தாமதத்தைக் குறைப்பது, குறைந்த அலைவரிசையில் குரலைக் காப்பாற்றுவது போலத் தொழில்நுட்ப விளைவு இருந்தால் வழி உண்டு. கிண்டியில் ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகம்தான் தென் மாநிலங்களுக்கு.

மேடையில் டெமோ காட்டுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். வெளியே காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்று எதிராளி வாதாடலாம். முழு விவரம் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழுமையாகக் கொடுக்கலாம். இங்கே கணக்கில் வருவது விண்ணப்பத் தேதி. அமெரிக்காவும் 2013 மார்ச் 16 முதல் அந்த முறைக்கு வந்துவிட்டது.

போட்டியாளரின் விண்ணப்பம் வெளியிடப்பட்டிருந்தால் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். வழங்கப்படுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம், வழங்கி வெளியிட்ட பிறகு சம்பந்தப்பட்டவருக்கு ஒரு வருடம் அவகாசம். அப்போது கைகொடுப்பவை பழைய மின்னஞ்சல்கள், தேதி போட்ட வடிவமைப்புக் குறிப்புகள், வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரசீது. காரசாரமான ட்வீட் உதவாது.

காப்புரிமைக்கு உரியது இல்லை என்று தெரிந்தால், எப்படிச் செய்தீர்கள் என்பதை விவரமாக எழுதி வெளியிட்டுவிடுங்கள். அதன் பிறகு யாரும் அதைத் தன் பெயரில் பூட்டி வைப்பது கடினம்.

நான் எழுதிய வசதிக்குக் கம்பெனியின் பெயர், மேலாளரின் பெயர் எல்லாம் இருக்கிறது, என் பெயர் இல்லை. கேட்க முடியுமா?

முடியும். வேலையில் இருக்கும்போது எழுதிய நிரலின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குத்தான். ஆனால் எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு எழுதியவருக்கே கொடுக்கிறது. காப்புரிமை என்றால், உண்மையான கண்டுபிடிப்பாளரின் பெயரைச் சேர்க்கக் கேட்க 28-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப் போடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பெயர் கேட்பது பேராசை இல்லை. அடுத்த வேலைக்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அது.

உங்களைக் கேட்டால், யாருக்குப் பெயர் கொடுப்பீர்கள்?

செய்ததைத் திறந்து வைத்தவர்களுக்கு. எஸ்ஐபியை 1999-இல் ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹேண்ட்லி, ஜோனதன் ரோசன்பர்க், ஈவ் ஷூலர் பொது ஆவணமாக வெளியிட்டார்கள். அதே வருடம் தன் சின்ன கம்பெனிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு இல்லாத மார்க் ஸ்பென்சர், தானே ஒன்றை எழுதி ஆஸ்டரிஸ்க் என்று இலவசமாக விட்டார். அம்பத்தூரிலும் பெருங்குடியிலும் ஒரு பழைய சர்வரில் ஆஸ்டரிஸ்க்கை ஏற்றித் தொழிலைத் தொடங்கிய கால் சென்டர் முதலாளிகள் பலரை எனக்குத் தெரியும்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டுகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரும் 'ஓபஸ்' என்று முடியும். ஸ்கைப்பின் சில்க் முறையையும், திறந்த மென்பொருள் அமைப்பான சிஃப்பின் செல்ட் முறையையும் ஒன்றாக்கி 2012-இல் வெளியிட்ட குரல் சுருக்கும் முறை அது. போட்டி போட்டிருக்க வேண்டிய இரு தரப்பும் ஒரே ஆவணத்தில் கையெழுத்துப் போட்டார்கள்: ஜான்-மார்க் வாலின், கோன் வோஸ், டிமதி டெரிபெரி. ராயல்டி கிடையாது. கோடிக்கணக்கானோர் தினமும் பயன்படுத்தும் வேலையைச் செய்த இந்த மூவரின் பெயரை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

விற்பனைக்கு வருபவர் "நாங்கள்தான் முதல்" என்றால் என்ன கேட்க வேண்டும்?

எதில் முதல், எந்தத் தேதியில், எந்த ஆவணத்தில் என்று கேளுங்கள். காப்புரிமை எண் சொன்னால் அது விண்ணப்பமா, வழங்கப்பட்டதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே தேடுங்கள். பிறகு உங்கள் அலுவலக இணைப்பில், மதிய நெரிசல் நேரத்தில், உங்கள் ஆட்களை வைத்துப் பேசிப் பாருங்கள். விளம்பரத்தில் போட்ட 'முதல்' பொய் என்று தெரிந்தால் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.